15 டி-ஷர்ட் ஆர்டரை எடுப்பதா, விடுவதா?

பனியன்பட்டறை (திருப்பூர்), இழையைத் தொடங்கியவர்

வணக்கம். அனுப்பர்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து எட்டு தையல் மெஷின், கையால் பிரிண்ட் அடிக்கிற டேபிள் ஒன்று. உள்ளூர் பிராண்டுகளுக்குத் தைப்பதும், கம்பெனிகளுக்கு யூனிஃபார்ம் டி-ஷர்ட் போட்டுக் கொடுப்பதும்தான் பிழைப்பு. 300 பீஸுக்குக் கீழே எடுத்துப் பழக்கமில்லை.

இப்போது வாட்ஸப்பில் தினமும் யாராவது கேட்கிறார்கள். "அண்ணா 15 பீஸ் வேணும், முன்னாடி சின்ன லோகோ, பின்னாடி பேர், ரேட் சொல்லுங்க." கல்லூரி டிபார்ட்மென்ட், ஜிம், புதிதாகத் திறந்த டீக்கடை, நண்பன் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம். எல்லோரும் 200 ரூபாய்க்குள் எதிர்பார்க்கிறார்கள். இங்கே காதர்பேட்டை பனியன் சந்தையில் பிளெயின் டி-ஷர்ட் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) துணியில் கிலோவுக்கு நாலு, நாலரை டி-ஷர்ட் வரும். 15 பீஸுக்கு மூன்றரை கிலோ போதும். ஆனால் ரோல் 20, 25 கிலோவாகத்தான் வருகிறது. வெட்டித் தரும் கடையில் வாங்கினால் கிலோவுக்கு விலை கூடுதல், கழுத்துக்கு ரிப் துணி தனியாகத் தேட வேண்டும். 300 பீஸ் என்றால் கட்டிங் மாஸ்டர் அடுக்கடுக்காக விரித்து மெஷினில் வெட்டி முடித்துவிடுவார். 15 பீஸில் எஸ் 2, எம் 5, எல் 5, எக்ஸ்எல் 2, டபுள் எக்ஸ்எல் 1 என்று வந்தால் அத்தனை சைஸ் அட்டையையும் எடுக்க வேண்டும், விரிக்க வேண்டும். மனுஷன் என்னை முறைக்கிறார்.

பிரிண்ட் இன்னும் மோசம். இரண்டு கலர் லோகோவுக்கு இரண்டு ஸ்கிரீன், அதாவது இங்க் இறங்குகிற வலைச் சட்டம். பிலிம் எடுத்து, கோட்டிங் போட்டு, எக்ஸ்போஸ் செய்து, இரண்டு கலரும் சரியாக உட்காரும்படி டேபிளில் ரிஜிஸ்டர் பிடித்து, இங்க் கலக்கி, முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். 15 பீஸுக்கும் இதே வேலை, 1500 பீஸுக்கும் இதே வேலை.

பார்ட்னரான மச்சான் "அந்த நம்பரையெல்லாம் பிளாக் பண்ணு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பெரிய ஆர்டர் இல்லாத வாரங்களில் மெஷின் சும்மா நிற்பதையும் பார்க்கிறேன். உங்கள் தொழிலில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

கேட்கிற விலையை விடுங்கள், முதலில் உங்கள் செலவைப் பிரித்து எழுதுங்கள். பீஸ் எத்தனை ஆனாலும் மாறாத செலவு ஒரு பக்கம், பீஸுக்குப் பீஸ் கூடுகிற செலவு ஒரு பக்கம். நீங்கள் சொன்னதை வைத்து உத்தேசமாகப் போடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

மாறாத செலவு: ஸ்கிரீன் இரண்டு 800, டேபிள் செட் செய்து கழுவும் ஆள் நேரம் 1000, கட்டிங் 400, டிசைன் சரிபார்ப்பு, போன் பேச்சு 200. ஆக 2,400.
பீஸுக்கு: துணி, தையல், இங்க், செக்கிங், அயனிங், கவர் எல்லாம் சேர்த்து 170.

300 பீஸில் அந்த 2,400-ஐப் பங்கு போட்டால் தலைக்கு 8 ரூபாய். அடக்கம் 178. 15 பீஸில் தலைக்கு 160. அடக்கம் 330. அவர்கள் கேட்கிற 200-க்குக் கொடுத்தால் 3,000 வரும், செலவு 4,950. கைக்காசு 1,950 போகும். லாபம், வாடகை எதையும் இதில் நான் சேர்க்கவில்லை.

ஆக 15 பீஸ் எடுக்கலாம், விலை 200 இல்லை. 400-க்கு வாங்க ஆள் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

---

லேத்து_கணபதி (கோவை)

விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கணக்குப்பிள்ளை சார் ரூபாயை மட்டும் எண்ணினார். முதலாளியின் கவனத்துக்கு யார் விலை போடுவது? கோவை கணபதி ஏரியாவில் ஜாப் ஒர்க் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் பாகங்கள், புஷ், ஷாஃப்ட். ஒருத்தர் இரண்டே இரண்டு புஷ் கேட்டு வருவார். பீஸைப் பிடிக்கிற சக் ஜா மாற்றி, டூல் மாற்றி, முதல் பீஸ் ஓட்டி அளவு பார்த்து, மெஷினில் டூல் அளவைத் திருத்தி முடிப்பதற்குள் அரை நாள். அந்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்த 500 பீஸ் வேலை இறங்கிவிட்டது. அதைத் திரும்ப ஏற்றவும் அதே பாடு. இரண்டு புஷ்காரர் கொடுக்கிற காசில் இரண்டாவது செட்டிங்குக்குக் காசு வராது. அதுதான் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். நடுவில் அவர் நாலு முறை போன் செய்வார். 500 பீஸ்காரர் டெலிவரி நாளில்தான் செய்வார், அன்றைக்கு நம்மிடம் பதில் இருக்காது.

---

பனியன்பட்டறை (திருப்பூர்)

> கைக்காசு 1,950 போகும்

சார், ஒரு சந்தேகம். வேலை இல்லாத வாரத்தில் டேபிள் ஆளுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கிறேன். அந்த 1000 ரூபாயை இந்த ஆர்டர் தலையில் ஏற்றுவது நியாயமா? சும்மா இருக்கிற ஆளுக்கு ஒரு வேலை, அவ்வளவுதானே?

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

மாதச் சம்பள ஆள் என்றால், அந்த வாரத்துக்கு மட்டும், நீங்கள் சொல்வது சரி. கையிலிருந்து புதிதாகப் போகிற செலவைத் தாண்டி எது வந்தாலும் மிச்சம். ஆனால் உங்கள் டெய்லர்கள் பீஸ் ரேட்டா, ஷிப்ட்டா? பீஸ் ரேட் என்றால் சும்மா இருக்கும்போது உங்களுக்குச் செலவே இல்லை. அதனால் "சும்மா இருக்கிற ஆள்" என்ற கணக்கு அங்கே செல்லாது. அப்புறம், வேலை இல்லாத வாரத்தில் 200-க்குக் கொடுத்தவரிடம் சீசனில் 400 சொல்லிப் பாருங்கள். அவர் 10 பேருக்குச் சொல்லியிருப்பார், அந்த 10 பேரும் சீசனில்தான் வருவார்கள்.

---

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்)

பீஸ் ரேட் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தையல் பக்கத்திலிருந்து பார்த்தால் சின்ன ஆர்டர் எங்களுக்குத்தான் நஷ்டம். ஒரே மாடல், ஒரே நூல் கலர் என்றால் கை ஓடும். 15 பீஸுக்கு நூல் கோன் மாற்றி, நூல் டென்ஷன் பார்த்து, இரண்டு பீஸ் தைத்து சரி பண்ணுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை. பீஸுக்கு அதே ரேட். டெய்லர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் அதுதான். சின்ன ஆர்டருக்கு டெய்லருக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி கொடுங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டோம். பக்கத்தில் உதவிக்கு நிற்கிற கைமடிப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

---

பனியன்பட்டறை (திருப்பூர்)

நியாயம்தாங்க அக்கா. இதை நான் யோசிக்கவே இல்லை.

---

கடலூர்_காத்து (கடலூர்)

எல்லோரும் "பெரிசு பெரிசு" என்கிறீர்களே, எங்கள் ஊரைப் பாருங்கள். ஷாம்பூவைப் பாட்டிலில் வாங்க முடியாதவர்களும் வாங்கட்டும் என்று சாஷேயில், அதாவது சின்னப் பாக்கெட்டில், அடைக்கிற வழியைக் காட்டியவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாக ஆரம்பித்தது சிக் ஷாம்பூ. பன்னாட்டுக் கம்பெனிகளே பின்னாடி ஓடி வந்தன. சின்ன வாடிக்கையாளரை மதித்தவன்தான் ஜெயித்தான். 15 பீஸ் கேட்பவரைத் துரத்தாதீர்கள்.

---

நாலுகலர் (சிவகாசி)

கடலூர் நண்பரே, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது. சாஷேயை வாங்குகிறவர் ஒன்று வாங்கினாலும், அடைக்கிற மெஷின் லட்சக்கணக்கில் ஒரே சரக்கை ஓட்டிக்கொண்டேதான் இருக்கும். யாருக்காகவும் மெஷினை நிறுத்திச் செட்டிங் மாற்றுவதில்லை. வாங்குகிறவர் "என் சாஷேயில் என் பெயர் போடுங்க" என்று கேட்டால் கதை அன்றோடு முடிந்தது. கொஞ்சமாக வாங்குவது வேறு, கொஞ்சமாகத் தனக்கென்று செய்யச் சொல்வது வேறு. திருப்பூர் அண்ணாச்சியின் தலைவலி இரண்டாவது ரகம்.

இதே தலைவலிக்கு எங்கள் ஊரில் ரொம்ப காலமாகவே ஒரு மருந்து இருக்கிறது. தினசரி காலண்டர்.

ஆஃப்செட்டில் நாலு கலர் என்றால் நாலு பிளேட். மெஷினில் ஏற்றி, இங்க் சமப்படுத்தி, நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை ஓடுகிற தாள் எல்லாம் கழிவு. 100 தாள் வேண்டும் என்பவருக்கு 100-க்கு மேலேயே கழிவு போய்விடும். அதனால் "ஆயிரத்துக்குக் கீழே வராதீங்க" என்று சொல்லியே பழகிய ஊர் இது. ஆனாலும் மளிகைக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர் எல்லாம் தங்கள் பெயர் போட்டு 100, 200 காலண்டர் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். எப்படி? முருகன் படம், லட்சுமி படம், இயற்கைக் காட்சி அட்டையெல்லாம் பெரிய எண்ணிக்கையில் மொத்தமாக அடித்து வைத்திருப்போம். தேதித் தாள் கட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். கடைப் பெயர், விலாசம், போன் நம்பர் வருகிற இடம் மட்டும் காலியாக இருக்கும். ஆர்டர் வந்தபின் அந்த ஒரு இடத்தை மட்டும் சின்ன மெஷினில் ஒரே கலரில் அடித்துக் கொடுப்போம். கடைக்காரருக்கு அது அவருடைய காலண்டர். எங்களுக்கு அது லட்சத்தில் ஒன்று.

அதற்கு ஒழுங்கும் இருக்கிறது. ஆடி 18 அன்று ஆல்பம் வெளியிடுவோம். வருகிறவர் ஆல்பத்தில் இருக்கிற படத்தில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "எங்க குலசாமி போட்டோ போடணும்" என்றால் போடலாம், தாராளமாக. அதற்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை தனி, விலை தனி.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: 15 பீஸுக்குத் துணி வெட்டாதீர்கள். சும்மா இருக்கிற வாரத்தில் கறுப்பு, நேவி, வெள்ளை என்று பிளெயின் டி-ஷர்ட்டை 300, 500 ஆகத் தைத்து ரேக்கில் அடுக்குங்கள். சின்ன ஆர்டருக்குப் பிரிண்ட் மட்டும் போட்டுக் கொடுங்கள். கட்டிங் மாஸ்டர் முறைக்க மாட்டார், அக்காவுக்கும் நூல் மாற்றுகிற வேலை இல்லை.

---

பனியன்பட்டறை (திருப்பூர்)

நாலுகலர் அண்ணாச்சி, இது உருப்படியான வழி. ஆனால் வருகிறவர்கள் கலரில்தான் பிடிவாதம் பிடிக்கிறார்கள். "டீக்கடை போர்டில் இருக்கிற அதே பச்சை வேணும்" என்று போட்டோ அனுப்புகிறார்கள்.

---

சாயத்தொட்டி (திருப்பூர்)

அதே பச்சை வேண்டுமென்றால் சாயப்பட்டறைக்கு வரட்டும், நாங்கள் பதில் சொல்கிறோம். துணிக்குச் சாயம் ஏற்றுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷின் 100 கிலோ, 250, 500 என்றுதான் இருக்கும். சாம்பிள் மெஷினில் சில கிலோ போடலாம், ஆனால் அதற்கும் லேபில் ஷேட் பிடித்து, அப்ரூவல் வாங்கி, அப்புறம்தான் துணி இறங்கும். மூன்றரை கிலோவுக்குத் தண்ணீர், உப்பு, நீராவி, நேரம் எல்லாம் ஆகும்.

இன்னொன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளுக்கு உட்படாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் இங்கே சாயம் போட முடியும். நொய்யல் ஆற்றுக்குச் சாயக் கழிவால் நாங்கள் செய்ததற்கு அது தேவையான தீர்ப்பு என்றுதான் நான் இன்றும் சொல்வேன், எங்கள் ஆட்கள் திட்டினாலும் சரி. ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் செலவு இருக்கிறது. சின்ன லாட்டில் கிலோவுக்கு அது பெரிதாக நிற்கும். ரெடி கலர் சார்ட்டைக் காட்டி இதில் எது என்று கேளுங்கள். பச்சையிலேயே மூன்று பச்சை இருக்கும், ஏதோ ஒன்று அவர் போர்டுக்குப் பக்கத்தில் வரும்.

---

கடைசிபெஞ்ச் (திருச்சி)

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒருத்தன் பேசலாமா? எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு 22 டி-ஷர்ட் வேண்டியிருந்தது. நான்தான் அலைந்தேன். முடியாது என்று சொன்ன கடைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. "பார்க்கலாம் தம்பி", "நாளைக்குச் சொல்றேன்" என்று இழுத்தவர்கள்தான் கொன்றார்கள். கடைசியில் ஆன்லைனில் ஒரு பீஸ் 400 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினோம். பசங்க முணுமுணுத்தார்கள், ஆனால் விலை ஸ்கிரீனிலேயே இருந்ததால் கேள்வி இல்லாமல் கட்டினார்கள். அதே விலையை ஊரில் யாராவது முதல் மெசேஜிலேயே சொல்லியிருந்தால் அவரிடமே வாங்கியிருப்போம். துணியையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம். 200 எதிர்பார்க்கிறோம் என்றால், வேறு எந்த விலையையும் யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

---

லேத்து_கணபதி (கோவை)

தம்பி சொல்வது நியாயம். ஆனால் தம்பி, 22 டி-ஷர்ட்டுக்கு 22 பேரும் தனித்தனியாக சைஸ் மாற்றி மெசேஜ் போட்டிருப்பீர்களா இல்லையா?

---

கடைசிபெஞ்ச் (திருச்சி)

மூன்று பேர் மாற்றினார்கள். ஆன்லைனில் மாற்ற முடியாது என்று போட்டிருந்தது, அதனால் இறுக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

---

முறுக்குச்சட்டி (மதுரை)

இந்த இழையில் எல்லோரும் மெஷின் வைத்திருக்கிறீர்கள், என்னிடம் இருப்பது அடுப்பு. ஆனால் கதை ஒன்றுதான். வீட்டில் முறுக்கு, சீடை, அதிரசம் செய்து விற்கிறேன். அரைக் கிலோ கேட்கிறவர்கள்தான் முக்கால்வாசி. ஆரம்பத்தில் கேட்ட அன்றே செய்து கொடுத்தேன். அரைக் கிலோவுக்கும் சட்டி நிறைய எண்ணெய் ஊற்றித்தான் காய வைக்க வேண்டும், மீந்த எண்ணெயை என்ன செய்வது என்று தெரியாது.

இப்போது புதனும் சனியும் மட்டும் அடுப்பு. புதன் முறுக்கு வகை, சனி இனிப்பு. முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிப் பணம் அனுப்பியவர்களுக்கு மட்டும். 20 பேர் அரைக் கிலோ சொன்னால் எனக்கு அது 10 கிலோ ஆர்டர். "இன்னைக்கே வேணும்" என்பவர்களுக்கு இல்லை என்று சொல்ல முதலில் பயமாக இருந்தது. அவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமை வந்தார்கள். மீதிப் பேர் கடையில் வாங்கிக்கொண்டார்கள், என்ன போய்விட்டது?

அண்ணா, நீங்களும் வாரத்தில் ஒரு நாளைச் சின்ன ஆர்டருக்கென்று ஒதுக்கிப் பாருங்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை இங்க் கேட்கிறவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் இங்க் ஒரு தடவை கலக்கினால் போதுமே?

---

நெறியாளர்

மேலே ஒரு பதிவில் "எந்த எண்ணிக்கையும் செய்து தரப்படும்" என்று போன் நம்பரோடு வந்த விளம்பரம் நீக்கப்பட்டது. ஆர்டர் பிடிப்பதற்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போங்கள்.

---

கபடிக்களம் (ஒட்டன்சத்திரம்)

குறைந்தது 50 பீஸ் என்று போர்டு வைக்கிற கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி. கபடி அணியில் களத்தில் 7 பேர், மாற்று ஆட்கள் 5 பேர். மொத்தம் 12. கோச்சைச் சேர்த்தால் 13. 50 வாங்கினால் மீதியைக் கோழிக்குப் போடுவதா? எங்கள் ஆர்டர் எந்தக் காலத்திலும் பெரிசாகாது. ஆனால் வருஷா வருஷம் உண்டு, எங்கள் பக்கம் மட்டும் எத்தனை ஊர்களில் அணி இருக்கிறது என்று பாருங்கள். "இப்ப சின்னதா எடுங்க, பின்னாடி பெரிசா தருவோம்" என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எப்போதும் 13தான்.

---

லேத்து_கணபதி (கோவை)

மனுஷன் நேர்மையாகப் பேசுகிறார். "பின்னாடி பெரிசா தருவோம்" என்ற வசனத்தைக் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கிலோ இரும்பு வாங்கி வைத்திருந்தால் இன்னேரம் ஃபவுண்டரியே கட்டியிருப்பேன். அந்த வசனம் பேசுகிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: "செட்டிங் சார்ஜ் இப்ப கட்டுங்க. ஆறு மாசத்துக்குள்ள பெரிய ஆர்டர் தந்தா அந்த பில்லுல கழிச்சுக்கறேன்." நிஜமாகவே பெரிய வேலை வைத்திருப்பவர் உடனே சரி என்கிறார்.

சாம்பிள் மட்டும் விதிவிலக்கு. பெரிய கம்பெனி 5 பீஸ் சாம்பிள் கேட்டால் ராத்திரி உட்கார்ந்தாவது செய்து கொடுப்பேன். அது ஆர்டரே இல்லை, பரீட்சை.

செட்டிங் பற்றி இன்னொன்று. டொயோட்டாவில் தகடு அழுத்துகிற பெரிய பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்ற முன்பு மணிக்கணக்கில் ஆகும். ஷிகியோ ஷிங்கோ என்பவர் அதைப் 10 நிமிடத்துக்குள் கொண்டுவரும் முறையை வகுத்தார். மெஷின் நின்றபின் செய்கிற வேலை எது, ஓடும்போதே தயாராக வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அதில் முக்கியம். அதன்பின் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஓட்டினார்கள். நானும் டூல் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஹோல்டரில் மாட்டி அளவெடுத்து வைக்கிறேன், நேரம் நன்றாகவே குறைகிறது. அதனால் முன்னே எழுதியதில் ஒரு வார்த்தை சேர்க்கிறேன்: செட்டிங் நேரத்தைக் குறைக்கிற வழி இல்லாதவன் சின்ன ஆர்டரை விட்டுவிடலாம்.

---

பனியன்பட்டறை (திருப்பூர்)

அந்த வழி பிரிண்டில் வந்துவிட்டது என்கிறார்கள். டிடிஎஃப். ஃபிலிமில் டிஜிட்டலாக அடித்து, பசைப் பொடி தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் டி-ஷர்ட்டில் ஒட்டுவது. ஸ்கிரீன் வேண்டாம், எத்தனை கலர் ஆனாலும் ஒன்றுதான், ஒவ்வொரு பீஸிலும் வேறு பெயர் போடலாம். மெஷின் வாங்கக்கூட வேண்டாம், மீட்டர் கணக்கில் ஃபிலிம் அடித்துத் தருகிற கடைகள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஹீட் பிரஸ் மட்டும் நான் வாங்கினால் போதும். யாராவது நம்பி இறங்கியவர்கள் இருக்கிறீர்களா?

---

பிரஸ்மெஷின் (கரூர்)

இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். நெஞ்சில் சின்ன லோகோ, பின்னால் பெயர், நம்பர் என்றால் அருமை. முதுகு முழுக்க பெரிய சதுரமாக ஒரு போட்டோ கேட்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் ஷீட் ஒட்டின மாதிரி காற்றுப் போகாது, வெயிலில் போட்டவர் சாபம் விடுவார். டிசைனுக்கு நடுவே இடைவெளி விட்டு உடைத்துப் போடச் சொல்லுங்கள். சூடும் அழுத்தமும் ஃபிலிம்காரர் சொல்கிற அளவில் வைக்க வேண்டும், அவசரத்தில் பிரஸ்ஸைச் சீக்கிரம் தூக்கினால் சில துவைப்பிலேயே ஓரம் எழும்பும். உள்பக்கம் திருப்பித் துவைக்கணும், பிரிண்ட் மேல் நேராக அயன் வைக்கக் கூடாது என்று சீட்டு ஒன்று கவருக்குள் போட்டுவிடுங்கள்.

கபடிக்களம் அண்ணனுக்கு: உங்களுக்கு டிடிஎஃப் வேண்டாம். பாலியெஸ்டர் ஜெர்சியில் சப்ளிமேஷன் கேளுங்கள். சாயம் இழைக்குள்ளேயே இறங்கிவிடும், உரியாது, ஒவ்வொரு ஜெர்சியிலும் வேறு பெயர் போட்டாலும் வேலை ஒன்றுதான். பருத்தியில் அது பிடிக்காது என்பதால்தான் திருப்பூர்க்காரர்கள் அதை உங்களிடம் சொல்லவில்லை.

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

பணம் வருகிற விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதில்தான் கண்.

என் கிளையன்ட்களில் பெரிய ஆர்டரை மட்டும் நம்பியிருப்பவர்களின் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் வரவேண்டிய பாக்கி மலை மாதிரி நிற்கும். 90 நாள், 120 நாள். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-இன் எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வருமான வரியில் 43பி(எச்) என்ற பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, சரக்கு வாங்கியவர் பணம் கொடுக்கிற வருஷம் வரை தன் செலவாகவும் காட்ட முடியாது. எல்லாம் நமக்குச் சாதகம்தான், சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால். ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பிய கையோடு அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும் என்று பயந்து யாரும் கேட்பதில்லை.

15 பீஸ்காரர் முழுப் பணத்தையும் யுபிஐ-யில் முன்னாடியே போடுகிறார். அந்தக் காசில் நீங்கள் துணி வாங்குகிறீர்கள். வட்டி இல்லாத கடன் அது. 400 ரூபாய் விலையில் வாரத்துக்குப் பத்து ஆர்டர் வந்தால் 60,000 ரூபாய். வாடகைக்கும் கரண்ட்டுக்கும் யாரிடமும் கைநீட்ட வேண்டாம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆர்டர்கள் எப்படித் தடுமாறின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த யூனிட்டும், பத்துப் பேரை வைத்திருந்த யூனிட்டும் அந்த மாதத்தை ஒரே மாதிரி கழிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆர்டர்தானே என்று பில் போடாமல் விடாதீர்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால் ஒரு பீஸுக்கும் பில் உண்டு, 5 சதவீதம் சேர்த்தே விலை சொல்லுங்கள். பின்னால் "டாக்ஸ் தனி" என்றால் சண்டைதான் வரும்.

---

சாயத்தொட்டி (திருப்பூர்)

> வாரத்துக்குப் பத்து ஆர்டர்

சார், அந்தப் பத்து ஆர்டருக்கும் யார் பதில் சொல்வது? 15 பீஸ் வாங்குகிறவர் 15 கேள்வி கேட்பார். பத்துப் பேர் என்றால் ஒரு ஆள் போனோடு உட்கார வேண்டும். அந்தச் சம்பளம் உங்கள் 2,400-இல் எங்கே இருக்கிறது? போன் பேச்சு 200 என்று போட்டிருக்கிறீர்கள். என் மைத்துனர் கல்யாணத்துக்குப் போட்ட 20 டி-ஷர்ட்டுக்குப் பேசிய பேச்சில் ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டரே முடிந்திருக்கும்.

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

ஒத்துக்கொள்கிறேன், 200 போதாது. அதற்காகத்தான் நாலுகலர் அண்ணாச்சியின் ஆல்பம் முறை. கலர் இவ்வளவு, சைஸ் இவ்வளவு, பிரிண்ட் வைக்கிற இடம் மூன்று, விலை இது என்று ஒரே படமாக வாட்ஸப்பில் அனுப்பிவிட வேண்டியதுதான். சைஸ் பட்டியலும் பெயர்ப் பட்டியலும் ஒரே ஆள் ஒரே மெசேஜில் தர வேண்டும். பணம் வந்தபின் மாற்றம் கிடையாது. திருச்சித் தம்பியின் நண்பர்கள் இறுக்கிப் போட்டுக்கொண்டார்கள் இல்லையா?

---

பனியன்பட்டறை (திருப்பூர்)

எல்லாவற்றையும் மச்சானிடம் படித்துக் காட்டினேன். அரை மனசாகச் சரி என்றிருக்கிறார். தீபாவளி வேலை வரும் வரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம்:

கலர் நாலுதான், எங்கள் ரேக்கில் இருக்கிற பிளெயின் சரக்கில் மட்டும். 10 முதல் 49 பீஸ் வரை டிடிஎஃப், நெஞ்சில் லோகோவும் முதுகில் பெயரும் சேர்த்துப் பீஸ் 360, வரி உட்பட. டிசைன் சார்ஜ் ஒரு ஆர்டருக்கு 500. ஆறு மாதத்துக்குள் 200 பீஸ் கொடுத்தால் அந்த பில்லில் கழித்துக்கொள்வோம். 50 முதல் ஸ்கிரீன் பிரிண்ட், ஸ்கிரீன் செலவு தனியாகக் காட்டப்படும். 10-க்குக் கீழே இல்லை. பிரஸ் போடுவது வெள்ளிக்கிழமை மட்டும், முழுப் பணமும் புதன்கிழமைக்குள். சின்ன ஆர்டர் நாளில் வேலை செய்பவர்களுக்குப் பீஸ் ரேட் கிடையாது, மணிக்கணக்கு. (அக்காவுக்கு நன்றி.) ஐப்பசிக்கு முன்னால் இரண்டு மாதம் சின்ன ஆர்டரே எடுக்க மாட்டோம், அதையும் அந்தப் படத்திலேயே போட்டுவிடுகிறோம்.

---

லேத்து_கணபதி (கோவை)

10 என்பதை 12 ஆக்குங்கள். 10 என்று போட்டால் 8 கேட்டு வருவார்கள்.

---

கபடிக்களம் (ஒட்டன்சத்திரம்)

12 சரி. 13 என்று போட்டுவிடாதீர்கள், ஒருநாள் கோச் கோபித்துக்கொண்டு போனால் எங்களால் வாங்க முடியாது.

---

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்)

ரேக்கில் எந்தச் சைஸ் எத்தனை அடுக்கப் போகிறீர்கள் தம்பி? எல்லாவற்றையும் சமமாகத் தைத்துவிடாதீர்கள், எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் அப்படியே கிடக்கும்.

---

பிரஸ்மெஷின் (கரூர்)

அக்கா சொல்வது அனுபவம். என் ரேக்கில் கறுப்பு பாதிக்கு மேல், அப்புறம் நேவி, வெள்ளை, கொஞ்சம் மெரூன். சைஸில் எம்மும் எல்லும்தான் ஓடுகிறது, எக்ஸ்எல் அதற்கடுத்து. கல்லூரிப் பக்கம் இப்போது தொளதொளவென்று ஓவர்சைஸ் கேட்கிறார்கள், ஆனால் அதை நம்பி அடுக்காதீர்கள், அடுத்த வருஷம் என்ன கேட்பார்களோ. வெள்ளையை மட்டும் கவரில் போட்டு வையுங்கள், உங்கள் ஊர்ப் பஞ்சுத் தூசிக்கு ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும்.